கீழாநெல்லியை உறுதிசெய்யச் செயலியா, திறவுகோலா?

சென்ற மழைக்காலத்தில் திருவொற்றியூரில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அம்மா, ரயில் பாதையோரம் பறித்த ஒரு கட்டுச் செடியை என்னிடம் நீட்டி, “தம்பி, இதெல்லாம் கீழாநெல்லிதானாப்பா? கொஞ்சம் பாத்துச் சொல்லு” என்றார். வீட்டில் ஒருவர் மஞ்சள் காமாலையிலிருந்து தேறிக்கொண்டிருந்ததால், உறுதியாகத் தெரியாமல் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செடியின் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலி, செடியைப் படிப்படியாக அடையாளம் காணத் தாவரவியலாளர்கள் பயன்படுத்தும் இனங்காண் திறவுகோல் ஆகிய இரண்டையும் அன்று ஒரே கட்டின்மீது பயன்படுத்திப் பார்த்தேன். அதன் பிறகு நான் திறவுகோலின் பக்கமே நிற்கிறேன்.

செயலியின் வசதிகளை விரித்துச் சொல்லத் தேவையில்லை. படம் எடுத்தால் நொடியில் பெயர் வருகிறது. பூவரசு, புங்கன், எருக்கு போன்றவற்றுக்கு அதுவே போதும். ஆனால் அன்று ஒரே செடியை மூன்று கோணங்களில் படம் எடுத்தபோது மூன்று பெயர்கள் வந்தன. அவற்றில் ஒன்று ஃபில்லாந்தஸ் நிரூரி என்னும் அறிவியல் பெயர். பழைய இந்தியத் தாவர நூல்கள் நம் கீழாநெல்லிக்கு இட்டிருந்த பெயர் அதுதான் என்றாலும், உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் தெருவோரத்தில் முளைப்பது ஃபில்லாந்தஸ் அமாரஸ்.

திறவுகோல் பெயரை நேரே தருவதில்லை. ஒவ்வொரு படியிலும் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கூற்றுகளை முன்வைத்து, கையிலுள்ள செடிக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பிரெஞ்சு அறிஞர் லமார்க் 1778-இல் தம் நாட்டுத் தாவரங்களுக்குப் பயன்படுத்திய இந்த முறையையே, சென்னை மாகாணத் தாவரங்களுக்காக கேம்பிள் 1915-இல் தொடங்கி, அவர் மறைந்த பின் ஃபிஷர் 1936-இல் முடித்த பெருநூலிலும் காணலாம். தமிழகச் சமவெளிக்கு, திருச்சியில் பணியாற்றிய கே. எம். மாத்யூ 1980-களில் வெளியிட்ட தொகுதிகள் இன்னும் அணுக்கமானவை. உடன் வரும் கோட்டோவியங்கள் பெரிய துணை.

கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பினேன். முதல் கேள்வி, இலைகள் நடுத்தண்டிலும் இருக்கின்றனவா, பக்கக் கிளைகளில் மட்டுமா என்பது. நடுத்தண்டிலும் இலை கொண்டிருந்தவை மேலாநெல்லி, அவற்றை விலக்கினேன். அடுத்தது காய். சில செடிகளில் காய்கள் காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டி, மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தன. அவற்றின் விதையைப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸின் கீழ் வைத்தபோது குறுக்குவாட்டில் வரிகள் தெரிந்தன. அது சிவப்புக் கீழாநெல்லி என்னும் ஃபில்லாந்தஸ் யூரினேரியா. எஞ்சியவற்றின் காய்கள் மெல்லிய காம்பில் வழவழப்பாகத் தொங்கின. ஆரஞ்சுச் சுளையை ஒத்த அவற்றின் சிறு விதைகளில் வரிகள் நீளவாக்கில் ஓடின.

நான் தவறியது இதற்கடுத்த படியில். காயின் அடியில் உதிராமல் நிற்கும் பூவிதழ்கள் ஐந்தா, ஆறா என்று திறவுகோல் கேட்டது. ஆறு என்று எண்ணி அந்தப் பக்கம் திரும்பினேன். அங்கே ஆண் பூக்களும் பெண் பூக்களும் வெவ்வேறு இலைக்கோணங்களில், அதாவது இலை கிளையோடு சேரும் இடங்களில், இருக்கும் என்றிருந்தது. என் செடியிலோ ஒரே இலைக்கோணத்தில் இரண்டும் அருகருகே இருந்தன. ஒரு படி பின்னால் வந்து மேலும் மூன்று காய்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஐந்தே இதழ்கள். முன்பு ஆறாவது என்று எண்ணியது, காம்பருகே ஒட்டிக்கொண்டிருந்த இலையடிச் செதில்.

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். திறவுகோலில் பிழை நேர்ந்தால் அது எந்தப் படியில் நேர்ந்தது என்று தேடிப்போக முடியும். இன்னொருவர் அதே செடியை வைத்துக்கொண்டு என் ஒவ்வொரு விடையையும் சோதிக்கவும் முடியும். செயலி பெயரோடு ஒரு சதவீதத்தையும் காட்டுகிறது. ஆனால் இதழை எண்ணியதா, விதையின் வரியைப் பார்த்ததா என்று அதனிடம் கேட்க வழியில்லை. உண்மையில் மேலிருந்து எடுத்த படத்தில் விதையே இல்லை. மருந்துக்காகப் பறிக்கும் செடியில் இந்த வேறுபாட்டை நான் சிறியதாகக் கருத மாட்டேன்.

திறவுகோலுக்கும் குறைகள் உண்டு. பூவோ காயோ இல்லாத செடியை வைத்துக்கொண்டு அதில் பாதி தூரம்கூடப் போக முடியாது. நூல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் கலைச்சொற்களுக்குப் பழக எனக்குச் சில மாதங்கள் ஆயின. பழைய பெயர்களை இன்றைய பெயர்களோடு ஒப்பிட்டுக்கொள்ளவும் வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தின் கோரைகளையும் புற்களையும் நான் இரண்டு முறைதான் முயன்றிருக்கிறேன். அவற்றில் திறவுகோல் எளிதாக இருக்கும் என்று என்னால் சொல்ல இயலாது. பேரினம் வரை, அதாவது ஃபில்லாந்தஸ் போன்ற முதல் பெயர் வரை, செயலியின் துணையோடு வந்து, அங்கிருந்து திறவுகோலுக்குள் நுழைவதே இப்போது என் வழக்கம்.

அம்மாவிடம் ஃபில்லாந்தஸ் அமாரஸை மட்டும் தனியே கட்டிக் கொடுத்து, மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். மூன்று வகையிலும் காயோடு ஒவ்வொரு கிளையை எடுத்து நாளிதழ் மடிப்பில் அழுத்தி வைத்திருக்கிறேன். பறித்த இடம், தேதி ஆகியவற்றோடு, எந்தக் கேள்வியில் எந்தப் பக்கம் திரும்பினேன் என்பதும், தவறிய அந்த ஒரு படி உட்பட, தாளின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறது.