ஃப்ளாட்டில் செங்கால் ஆமைக்கு ஆறடி மரப்பெட்டி: அடிப்பலகை மாற்றிய கையோடு எழுதியது

என் செங்கால் ஆமைக்கு விலைக்கு வாங்கின மரப்பெட்டியின் அடிப்பலகை ஊறிப்போய், அதைக் கழற்றி மாற்றிய கையோடு எழுதுவதால் கோபம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். நாலடிக் கண்ணாடித் தொட்டி விலை இறங்கியிருக்கு, ஆமைக்கு வாங்கிப் போடலாமா என்று பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் அண்ணாச்சி, தொட்டியை மீனுக்கே விட்டுவிடுங்க. தரை ஆமைக்குக் கண்ணாடி ஒரு தடுப்பு என்றே புரியாது. அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதே என்று நாள் முழுக்க ஒரே மூலையில் மூக்கை முட்டிக்கொண்டு நடக்கும். நாலு பக்கமும் அடைத்த தொட்டியில் காற்றும் ஓடாது. நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் மேலே விளக்கும் எரிந்தால் உள்ளே என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே பேசுவது செங்கால் ஆமை பற்றி. கடைக்காரர்கள் வாயில் ரெட்ஃபுட். வெளிநாட்டு இனம், சைட்டிஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளது, ஆகவே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். ரசீது கொடுக்காத கடையில் வாங்காதீங்க. நட்சத்திர ஆமை என்றால் பேச்சே இல்லை. காட்டோரம் கிடந்தது, சொந்தக்காரர் கொடுத்தது என்ற எந்தச் சமாதானமும் எடுபடாது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. உள்ளங்கை அளவில் விற்கும் சல்கட்டா என்ற ஆப்பிரிக்கத் தரை ஆமையின் குட்டி வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும். அதற்குத் தோட்டம் வேண்டும், ஃப்ளாட் ஆகாது.

பெட்டி விவரம் சுருக்கமாக: 6 அடிக்கு 3 அடி, பக்கச் சுவர் 45 செ.மீ., மேலே திறப்பு, இரும்புக் கால். ஓடு ஓரடி நீளத்தை நெருங்கும்போது 8-க்கு 4 தேவைப்படும், அதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். ஆமை ஏறித் தப்பிப்பது எப்போதும் மூலை வழியாகத்தான். நாலு மூலைக்கும் மேலே முக்கோணத் துண்டு அடித்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. இதுவரை குறை ஒன்றும் இல்லை.

குறையெல்லாம் அடியில். செங்கால் ஆமைக்குக் காற்றில் ஈரப்பதம் 65 முதல் 80 விழுக்காடு வேண்டும். வளரும் வயதில் வறண்ட காற்றில் இருந்தால் ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் மேடு தட்டி எழும்பிவிடும், பிறகு அது சரியாகாது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும். அதே காற்று பாளையங்கோட்டைக்கு வந்து சேரும்போது வறட்டுக் காற்று. ஆகவே மண் எப்போதும் ஈரமாக இருந்தாக வேண்டும். பெட்டி நனையாவிட்டால் ஆமைக்கு ஆகாது, நனைந்தால் பெட்டிக்கு ஆகாது. இந்த ஒரு சிக்கலைத்தான் மரப்பெட்டி செய்பவன் முதலில் யோசிக்க வேண்டும். இதைச் செய்து விற்றவர் யோசிக்கவே இல்லை.

என்ன செய்திருந்தார் என்றால், பிளைவுட்டின் மேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, சுவரும் தரையும் சேரும் இடத்திலேயே ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார். அதாவது மண் மட்டத்துக்குக் கீழே, வரிசையாக ஓட்டைகள். தண்ணீர் அந்த வழியாக ஷீட்டுக்கு அடியில் இறங்கும். இறங்கின தண்ணீர் காற்றுப் படாமல் ஷீட்டுக்கும் பலகைக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். ஷீட்டே போடாமல் விட்டிருந்தால்கூடப் பலகை அவ்வப்போது காய்ந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீர்த் தட்டுக்கு நேர் கீழே கையை வைத்து அழுத்தினால் ஊறின அப்பளம் மாதிரி உள்ளே போகிறது. தண்ணீர் தாங்கும் மரைன் பிளை, அதற்கான ஐ.எஸ். 710 தர முத்திரை எல்லாம் உண்மைதான். ஆனால் வெட்டின ஓரத்துக்கும் திருகாணி ஓட்டைக்கும் பூச்சு இல்லையென்றால் எந்தப் பிளையும் அங்கிருந்துதான் தண்ணீர் குடிக்கும்.

ஆசாரியிடம் சொல்லிச் செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். வெட்டின ஓரங்களுக்கு எப்பாக்ஸி இரண்டு பூச்சு, மற்ற இடத்துக்கு ஒன்று. நன்றாக இறுகி வாடை முழுக்கப் போன பிறகே ஆமையை விட வேண்டும். ஷீட் மெல்லிசாக வேண்டாம், பண்ணைக்குட்டைக்குப் போடும் கனமான ஷீட் ஒரே துண்டாக வாங்குங்கள். மூலையில் வெட்டாமல் மடித்து, சுவரில் 20 செ.மீ. வரை ஏற்றி, அதன் மேல் விளிம்பில் மட்டும் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்துத் திருகுங்கள். அதற்குக் கீழே ஒரு பின்கூட இறங்கக் கூடாது. இப்போது அடிக்குப் போட்டிருப்பது 18 மி.மீ. டபிள்யூ.பி.சி. பலகை, அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்தது. தண்ணீர் குடிக்காது, ஆனால் பாரம் தாங்காமல் தொய்யும், ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் கட்டாயம். பாரம் என்றால் சும்மா இல்லை: 10 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பினால் 165 லிட்டர் மண், நனைந்தால் 100 கிலோவைத் தாண்டும்.

மண் கலவை: தென்னை நார்த்தூள் மூன்று பங்கு, செம்மண் இரண்டு பங்கு. நார்த்தூள் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழியுங்கள், உப்பு இருக்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் பார்க்க அழகு, சும்மாவும் கிடைக்கும், வேண்டாம். பொடி மணல் இரையோடு குடலுக்குள் போய் அடைக்கும், கண்ணிலும் உறுத்தும். தண்ணீரை மேலே தெளிப்பதும் தப்பு. மேல்மண் சொதசொதவென்று இருந்தால் அடி ஓட்டில் அழுகல் வரும். மூலையில் ஒரு அரையடி பி.வி.சி. குழாயைச் செங்குத்தாக நட்டு, அதன் வழியாக மூன்று லிட்டர் ஊற்றினால் அடிமண் மட்டும் நனையும், மேல்மண் காய்ந்தே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது தேவையே படாது, ஊற்றினால் பூசணம்தான் மிச்சம். தென்காசிக்காரர்களுக்கு ஆடியிலும் தேவைப்படாது.

இனி மனசார ஒரு பாராட்டு. அது பெட்டி செய்தவருக்கு அல்ல, காருகுறிச்சி மண் தட்டுக்கு. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற அகலமான சுடுமண் தட்டு, வழவழப்புப் பூச்சு இல்லாதது. ஒன்றரைச் சாண் அகலம், 5 செ.மீ. ஆழம். உள்புறம் சொரசொரப்பாக இருப்பதால் ஆமை வழுக்காமல் இறங்கி ஏறும். தண்ணீர் கசிந்துகொண்டே இருப்பதால் தட்டைச் சுற்றி ஒரு முழம் மண் எப்போதும் குளிர்ந்து கிடக்கும். சித்திரை மதியத்தில் ஆமை ஒதுங்குவது அங்கேதான். காசு கொடுத்து வாங்கின குகை சும்மாக் கிடக்கிறது. பலகையைத் தின்றதும் இதே கசிவுதான், அதற்காகத் தட்டைக் குறை சொல்ல மனசு வரவில்லை.

விளக்கில் சிக்கனம் பார்க்காதீங்க. ஓடும் எலும்பும் உறுதியாக ஆமைக்கு யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிர் வேண்டும், ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது கிடையாது. மீன் தொட்டிக்கு விற்கும் நீல எல்.இ.டி.யிலும் கிடையாது. ஆமைக்கென்று விற்கும் யு.வி.பி. விளக்குதான் வேண்டும்: டி5 என்ற ஒல்லியான குழல் விளக்கு, யு.வி.பி. 6 விழுக்காடு என்று போட்டது, ஓட்டிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், நடுவில் வலை இல்லாமல். எரிந்துகொண்டே இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், வெளிச்சம் குறையாமலே யு.வி.பி. குறைந்துவிடும். ஆடிக் காற்றைத் தடுக்கப் பெட்டியின் மேல் அக்ரிலிக் ஷீட் போட்டு மூடுகிறவர்கள் விளக்கை ஷீட்டுக்குக் கீழே கட்டுங்கள். விளக்குக்கு நேர் கீழே ஒரு கடப்பாக்கல் துண்டு வைத்தால் சூடு பிடித்துக்கொள்ளும். அதன் மேலேயே இரை வைத்தால் நகமும் அலகும் தேயும். அந்தக் கல்லில் 32 டிகிரி இருந்தால் போதும், கோடையில் தனியாகச் சூட்டு விளக்கே வேண்டாம். மொட்டை மாடிக்கு நேர் கீழ் வீடு என்றால் ராத்திரியும் கூரை சூட்டைக் கக்கும், பெட்டியை உள் அறைக்கு நகர்த்துங்கள். மேற்குப் பார்த்த பால்கனியை மறந்துவிடுங்கள்.

எறும்புக்குச் சாக்பீஸ், பொடி எதுவும் கூடாது. பெட்டியின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, தண்ணீர் மேலே நாலு சொட்டு எண்ணெய் விடுங்கள். இல்லையென்றால் கொசுப்புழு வரும், டெங்குப் பணியாளர் வந்து கேட்பார், கேட்பதும் நியாயம். பெட்டியைச் சுற்றித் தரை துடைக்க ஃபினாயில் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

மதிப்பெண் கேட்டால் ஆமையின் பக்கம் நின்று 10-க்கு 9. ஓடு சமமாக வளர்ந்திருக்கிறது, மூக்கில் ஒரு கீறல் இல்லை, நல்லாச் சாப்பிடுது. ஆனாலும் இந்தப் பெட்டியை வாங்கச் சொல்ல மாட்டேன். பலகை, சட்டம், ஷீட், கூலி எல்லாம் சேர்த்துப் பழுதுக்கு ஆன செலவுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் மேலப்பாளையத்திலோ டவுனிலோ ஒரு நல்ல ஆசாரி புதுசாகவே செய்து தருவார். அளவு கொடுக்கும் முன்னால் லிஃப்ட் வாசலை அளந்துகொள்ளுங்கள் அண்ணாச்சி, ஆறடிப் பெட்டி படுத்தபடி உள்ளே போகாது. காலைக் கழற்றி மாட்டுகிற மாதிரி போல்ட் வைக்கச் சொல்லுங்கள், காலுக்கு அடியில் தடித்த ரப்பரும். விடியற்காலையில் விளக்கு எரிந்ததும் ஆமை ஓட்டால் சுவரை முட்ட ஆரம்பிக்கும், கீழ் வீட்டில் நல்லாவே கேட்கும்.