மறுக்கும் உரிமைக்கு என்ன விலை? பிரெக்சிட்டுக்குப் பிந்தைய வணிக ஏற்பாடுகள்: ஓர் ஒப்பீடு

2017 டிசம்பரில் பிரெக்சிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது பற்றிய பேச்சுவார்த்தையில் ஒன்றியத்தின் சார்பில் பேசிய மிஷேல் பார்னியே, உறுப்பு நாடுகளின் தலைவர்களுக்கு, ஒன்றியத்தோடு யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் ஒரு படிக்கட்டுப் படத்தைக் காட்டினார். உச்சியில் முழு உறுப்பினர் நிலை இருந்தது. அடுத்தடுத்த படிகளில் நார்வே, சுவிட்சர்லாந்து, உக்ரைன், துருக்கி என்று இறங்கி, கீழே கனடாவும் தென்கொரியாவும் நின்றன. ஐரோப்பிய நீதிமன்றத்தின் அதிகாரம் கூடாது, ஆட்களின் தடையற்ற நடமாட்டம் கூடாது, பெருந்தொகை செலுத்தக் கூடாது, சொந்த வணிகக் கொள்கை வேண்டும் என்று பிரிட்டன் தானே போட்டுக்கொண்ட சிவப்புக் கோடுகள், ஒவ்வொரு படியிலிருந்தும் அதைக் கீழே தள்ளின.

படம் தெளிவானது, ஆனால் இறையாண்மையை ஒரே அளவுகோலில் ஏறி இறங்கும் பொருளாக அது காட்டிவிடுகிறது. நடைமுறையில் அதற்குள் குறைந்தது மூன்று கேள்விகள் உள்ளன. விதியை எழுதுபவர் யார்? அதற்குப் பொருள் சொல்பவர் யார்? ‘இந்த விதி எங்களுக்கு வேண்டாம்’ என்று சொன்னால் என்ன இழக்க வேண்டும்? முதல் இரண்டையும் பற்றி லண்டனில் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டார்கள். மூன்றாவது கேள்வியே இந்த ஏற்பாடுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிறது என்பதால், இந்த ஒப்பீடு அதையே மையமாகக் கொள்கிறது.

நார்வேயிலிருந்து தொடங்கலாம். 1972-லும் 1994-லும் நடந்த வாக்கெடுப்புகளில் நார்வே மக்கள் உறுப்பினராவதை நிராகரித்தார்கள். ஆயினும் 1994 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தத்தின் வழியாக அந்நாடு ஒற்றைச் சந்தைக்குள், அதாவது பொருளும் சேவையும் ஆட்களும் மூலதனமும் பொது விதிகளின்கீழ் தடையின்றி நகரும் பரப்புக்குள், இருக்கிறது. பொதுவான வேளாண் கொள்கை, மீன்வளக் கொள்கை, வெளிநாட்டுப் பொருள்களுக்கு ஒரே வரி விதிக்கும் சுங்க ஒன்றியம் ஆகியவை மட்டும் வெளியே நிற்கின்றன. சுவீடன் எல்லையிலுள்ள ஸ்வினெசுண்டில் சரக்கு லாரிகள் இன்றும் சுங்கச் சோதனைக்கு நிற்பது அதனால்தான். மற்றபடி, ஒற்றைச் சந்தை தொடர்பாக ஒன்றியத்தின் தலைமையிடமான பிரசல்ஸில் எழுதப்படும் புதிய சட்டங்கள் கூட்டுக் குழு வழியாக நார்வேயின் சட்டமாகின்றன. வரைவு நிலையில் வல்லுநர்களை அனுப்பிக் கருத்துச் சொல்லலாம், வாக்களிக்க முடியாது. அரசு அமைத்த ஆய்வுக் குழு ஒன்று 2012-இல் தந்த அறிக்கை, ஒன்றியத்தின் சட்டங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கை நார்வே ஏற்றிருப்பதாகக் கணக்கிட்டது.

மறுக்கும் உரிமை ஒப்பந்தத்தின் 102-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் ஒரு விதியை மறுத்தால், அதோடு தொடர்புடைய பகுதி முழுவதும் இடைநிறுத்தப்படலாம். அஞ்சல் சேவையில் போட்டியைத் திறந்துவிடும் விதியை ஏற்க மாட்டோம் என்று 2011-இல் தொழிலாளர் கட்சி மாநாடு முடிவெடுத்தது. அக்கட்சியின் அரசும் மறுப்பைத் தெரிவித்தது. 2013-இல் எர்னா சூல்பர்க் தலைமையில் வந்த அடுத்த அரசு அந்த மறுப்பைக் கைவிட்டது. மறுக்கும் உரிமை ஏட்டில் இருக்கிறது, ஆனால் அதன் விலையைச் செலுத்த எந்த அரசும் துணிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

இதை மட்டும் வைத்து இந்த மாதிரியை அடிமைத்தனம் என்று தள்ளிவிடுபவர்கள், அதே ஒப்பந்தத்திலுள்ள ஐஸ்லாந்தின் கதையை மறந்துவிடுகிறார்கள். 2008-இல் லாண்ட்ஸ்பாங்கி வங்கி சரிந்தபோது, அதன் ஐஸ்சேவ் கணக்குகளில் பணம் போட்டிருந்த பிரிட்டன், நெதர்லாந்து வைப்பாளர்களுக்கு யார் ஈடு தருவது என்ற வழக்கு எழுந்தது. இரு நாட்டு அரசுகளோடும் எட்டிய உடன்பாடுகளை ஐஸ்லாந்து மக்கள் 2010-லும் 2011-லும் வாக்கெடுப்பில் நிராகரித்தனர். ஒப்பந்தத்தின் கண்காணிப்பு அமைப்பு ஐஸ்லாந்தை, ஐரோப்பியத் தடையில்லா வணிகச் சங்கமான எஃப்டாவின் நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஐரோப்பிய ஆணையமும் அதன் பக்கம் சேர்ந்து வாதாடியது. 2013 ஜனவரியில் தீர்ப்பு ஐஸ்லாந்துக்குச் சாதகமாக வந்தது. விதியை எழுதும் மேசையில் இடமில்லாத சிறிய நாடு, விதிக்குப் பொருள் சொல்லும் தனி நீதிமன்றத்தால் காக்கப்பட்டது. பணம் கேட்டுத் தோற்ற தரப்பில் பிரிட்டனும் இருந்தது என்பதை லண்டன் விவாதங்களில் யாரும் அதிகம் நினைவுகூரவில்லை.

சுவிட்சர்லாந்து வேறொரு வகை. 1992 டிசம்பர் 6 வாக்கெடுப்பில் 50.3 விழுக்காட்டினர் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தத்தை நிராகரித்ததால், அந்நாடு துறை துறையாகப் பேரம் பேசி நூற்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைச் சேர்த்துக்கொண்டது. பொதுவான நீதிமன்றம் இல்லை, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. அந்த அளவில் இது சுதந்திரமானது. ஆனால் 1999-இல் கையெழுத்தான முதல் தொகுப்பின் ஏழு ஒப்பந்தங்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒன்றை முறித்தால் ஏழும் போகும். தலைவெட்டும் கருவியின் பெயரால் இதைக் கில்லட்டின் பிரிவு என்றே அங்கு அழைக்கிறார்கள். 2014 பிப்ரவரியில் குடியேற்றத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று மீண்டும் அதே 50.3 விழுக்காட்டில் மக்கள் முடிவெடுத்தபோது, அந்தக் கத்தியை நினைத்துத்தான் நாடாளுமன்றம் உச்சவரம்பே இல்லாத ஒரு நீர்த்த சட்டத்தை இயற்றியது.

2021 மே 26 அன்று, எல்லா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான நிறுவனச் சட்டகம் பற்றிய பேச்சை சுவிஸ் கூட்டாட்சி மன்றம் முறித்துக்கொண்டது. அதே நாளில் ஒன்றியத்தின் புதிய மருத்துவச் சாதன விதிகள் நடைமுறைக்கு வந்தன. இரு தரப்புச் சோதனைகளையும் பரஸ்பரம் ஏற்கும் ஏற்பாட்டை ஒன்றியம் அந்தத் துறைக்குப் புதுப்பிக்கவில்லை. சுவிஸ் சாதனங்கள் ஒரே நாளில் வெளிநாட்டுப் பொருளாயின. ஆராய்ச்சித் திட்டமான ஹொரைசனிலும் முழு இடம் பறிபோனது. நார்வேயில் மறுப்பின் விலை அச்சத்தால் முன்கூட்டியே கணக்கிடப்படுகிறது. சுவிட்சர்லாந்தில் அது உண்மையாகவே வசூலிக்கப்பட்டது. 2024 டிசம்பரில் முடிந்த புதிய தொகுப்பில் நடுவர் தீர்ப்பாயம், ஒன்றியச் சட்டத்துக்கு ஐரோப்பிய நீதிமன்றமே பொருள் சொல்லும் என்ற விதி, மறுத்தால் அளவுக்கு மிகாத ஈட்டு நடவடிக்கை ஆகியவை இடம்பெற்றுள்ளன. அதாவது, மறுப்புக்கு ஒரு விலைப்பட்டியல் எழுதப்பட்டுவிட்டது. முன்பு பேரத்தின் மனநிலையைப் பொறுத்திருந்த தண்டனைக்கு இப்போது ஓர் எல்லை உண்டு என்பதால், இதை இறையாண்மை இழப்பு என்று மட்டும் சொல்ல நான் தயங்குகிறேன்.

துருக்கியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1995-இன் இறுதியிலிருந்து தொழிற்பொருள்களுக்கு ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கும் அந்நாடு, ஒன்றியம் வேறு நாட்டோடு தடையில்லா வணிக ஒப்பந்தம் செய்தால் தன் சந்தையையும் அதற்கேற்பத் திறக்க வேண்டிய நிலையில் உள்ளது. ஆனால் அந்த நாடு துருக்கிப் பொருளுக்குக் கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று கேள்விகளிலும் மோசமான விடை இதற்கே.

பிரிட்டன் போய் நின்ற இடம் கனடாவின் படிக்கு அருகில். 2020 டிசம்பர் 24 அன்று முடிவாகி, 2021 ஜனவரி 1 முதல் தற்காலிகமாகவும் மே 1 முதல் முழுமையாகவும் நடைமுறைக்கு வந்த வணிக, ஒத்துழைப்பு ஒப்பந்தம், எங்கே உற்பத்தியானது என்பதைப் பார்க்கும் பிறப்பிட விதிகளை நிறைவேற்றும் எல்லாப் பொருள்களுக்கும் சுங்க வரியையும் அளவுக் கட்டுப்பாட்டையும் நீக்கியது. ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அதில் இடமில்லை. ஆனால் கனடாவிடம் கேட்டதைவிடக் கடுமையான சில நிபந்தனைகள் பிரிட்டனிடம் கேட்கப்பட்டன. தொழிலாளர், சுற்றுச்சூழல் பாதுகாப்பை வணிகம் பாதிக்கும் வகையில் குறைக்கக் கூடாது. மானியங்களுக்குக் கட்டுப்பாட்டு முறை வேண்டும். இரு தரப்பின் விதிகளும் பெரிதாக விலகி வணிகத்தைப் பாதித்தால் மறுதரப்பு சமன்படுத்தும் நடவடிக்கை எடுக்கலாம். காரணம் தூரம். திருப்பூர் ஆடைக்குப் பிரிட்டன் வரியை நீக்கும் 2025 ஜூலையின் இந்திய-பிரிட்டன் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு சமன்படுத்தும் பிரிவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆங்கிலக் கால்வாயின் அக்கரையில் இருக்கும் போட்டியாளரைப் பற்றிய அச்சம் வேறு.

இந்த ஒப்பந்தத்தில் விதியை எழுதும் உரிமை முழுதாக லண்டனிடம் இருக்கிறது. பொருள் சொல்லும் உரிமை எப்படி நடக்கிறது என்பதை மணல் விலாங்கு வழக்கு காட்டியது. பஃபின் போன்ற கடற்பறவைகளின் இரையான இந்தச் சிறு மீனைக் காக்க, வடகடலின் ஆங்கிலேய நீர்ப்பரப்பிலும் ஸ்காட்லாந்து நீர்ப்பரப்பிலும் 2024-இல் பிரிட்டன் அதைப் பிடிக்கத் தடை விதித்தது. பெரும்பாலும் டென்மார்க் படகுகள் பாதிக்கப்பட்டதால் ஒன்றியம் நடுவர் தீர்ப்பாயத்தை நாடியது. 2025-இல் வந்த தீர்ப்பு, தடைக்கான அறிவியல் அடிப்படையை ஏற்றது. ஸ்காட்லாந்தின் தடையிலும் குற்றம் காணவில்லை. ஆங்கிலேய நீர்ப்பரப்பின் தடையை முடிவெடுத்தபோது அளவுப் பொருத்தம், அதாவது தடையின் பயனுக்கு அது தரும் இழப்பு ஈடாகுமா என்பது, முறையாகக் கவனிக்கப்படவில்லை என்று மட்டும் சொன்னது. தடையை நீக்க வேண்டிய கட்டாயமும் எழவில்லை. ‘உன் முடிவை நீயே எடு, ஆனால் ஏன் எடுத்தாய் என்று காட்டு’ என்பதே இதன் சாரம். பகிர்ந்த விதியும் இறையாண்மையும் இவ்வளவு நாகரிகமாகச் சந்தித்த இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆக, மறுப்புக்கு இங்கே விலையே இல்லையா? உண்டு, அது முன்பணமாக வாங்கப்பட்டுவிட்டது. ஒரு விதியையும் மாற்றாவிட்டாலும், மாற்றக்கூடும் என்பதற்காகவே எல்லையில் சுங்கப் படிவமும் இறைச்சிக்கும் பாலுக்கும் கால்நடை மருத்துவரின் சான்றிதழும் கேட்கப்படுகின்றன. பிரிட்டனின் நிதிநிலைப் பொறுப்பு அலுவலகம், நீண்ட காலத்தில் உற்பத்தித் திறன் 4 விழுக்காடு குறையும் என்ற மதிப்பீட்டையே வைத்திருக்கிறது. இவ்வளவு கொடுத்து வாங்கிய சுதந்திரத்தை லண்டன் எப்படிப் பயன்படுத்தியது? ஏறத்தாழ 4,000 ஒன்றியச் சட்டங்களை 2023-இன் இறுதியில் தானாகக் காலாவதியாக்கும் மசோதா கொண்டுவரப்பட்டு, கடைசியில் 600 அளவுக்குச் சுருங்கியது. பொருள் விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் ஐரோப்பியச் சிஇ முத்திரைக்குப் பதிலாக வரவிருந்த பிரிட்டன் முத்திரையைக் கட்டாயமாக்குவது தள்ளிப்போய், 2023 ஆகஸ்டில் பல பொருள்களுக்குப் பழைய முத்திரையே காலவரையின்றிச் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது.

பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்தில் கணக்கு வேறு; தீவின் மறுபகுதியான அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தில் இருக்கிறது. 1998 சமாதான உடன்பாட்டைக் காக்க அயர்லாந்துத் தீவின் நடுவே சோதனைச் சாவடி வரக் கூடாது என்பதால், சரக்குகளுக்கான ஒன்றிய விதிகள் பல அங்கு தொடர்கின்றன. ஐரோப்பிய நீதிமன்றமும் தொடர்கிறது. 2023 பிப்ரவரியின் வின்ட்சர் சட்டகம், அங்கேயே விற்பனையாகும் சரக்குக்குப் பச்சைத் தடமும், அயர்லாந்துக் குடியரசுக்குப் போகக்கூடிய சரக்குக்குச் சிவப்புத் தடமும் வகுத்தது. திருத்தப்பட்ட ஒன்றிய விதி வேண்டாம் என்று சொல்ல, வட அயர்லாந்துப் பேரவை கூடும் இடத்தின் பெயரால் ஸ்டார்மான்ட் பிரேக் என்ற தடை வழியையும் தந்தது: 90 உறுப்பினர் கொண்ட அந்தப் பேரவையில் இரண்டு கட்சிகளையாவது சேர்ந்த 30 பேர் கையெழுத்திட்டால் லண்டன் அதைப் பரிசீலிக்க வேண்டும். வேதிப்பொருள் லேபிள் விதிக்கு எதிராக 2024 டிசம்பரில், பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும் யூனியனிஸ்ட் உறுப்பினர்கள் அதை இழுத்துப் பார்த்தார்கள். நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று 2025 ஜனவரியில் அமைச்சர் ஹிலரி பென் நிராகரித்தார். நார்வேயின் 102-ஆவது பிரிவோடு இதை ஒப்பிட்டால், அங்கே நெம்புகோல் அரசின் கையில் இருக்கிறது; இங்கே கையெழுத்திடுபவர் ஒருவர், இழுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் வேறொருவர்.

2025 மே 19 அன்று லண்டன் உச்சி மாநாட்டில் பிரிட்டன் அறிவித்த திசை, படிக்கட்டில் மறுபடி மேலே ஏறுவதுதான், ஆனால் ஒரு காலை மட்டும் எடுத்து வைத்து. உணவு, கால்நடை, தாவரப் பொருள்களுக்கு ஒன்றிய விதிகளை அவை மாறும்போதெல்லாம் பின்தொடர்வது, தகராறுக்கு நடுவர் தீர்ப்பாயம், ஒன்றியச் சட்டத்தின் பொருளுக்கு ஐரோப்பிய நீதிமன்றமே இறுதி, வரைவு நிலையில் கருத்துச் சொல்லும் வாய்ப்பு ஆகியவை ஒப்புக்கொள்ளப்பட்டன. ஒன்றியப் படகுகளின் மீன்பிடி உரிமை 2038 ஜூன் 30 வரை நீண்டது. இது சுவிட்சர்லாந்தின் புதிய தொகுப்போடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகிறது. முன்பணமாகக் கொடுத்த விலையை ஒரு துறையில் திரும்பப் பெற்றுக்கொண்டு, அந்தத் துறையில் மட்டும் மறுப்புக்கு விலை கொடுக்கச் சம்மதிப்பதே இதன் பொருள். உணவுச் சோதனை போன்ற, எவரும் பெரிதாக விலக விரும்பாத துறைக்கு இது நல்ல பேரம் என்பது என் கணிப்பு; நிதிச் சேவைக்கு இதே பேரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் சுவிஸ் மாதிரியை எடுக்கும் பிரிட்டன், அதற்குத் துணைநிற்கும் உள்நாட்டு ஏற்பாடுகளை எடுக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் போதிய கையெழுத்துகள் திரண்டால் சட்டத் திருத்தம் வாக்கெடுப்புக்குப் போகும். நார்வே அரசு கூட்டுக் குழுக் கூட்டங்களுக்கு முன் நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய ஆலோசனைக் குழுவைக் கலந்துகொள்கிறது. பிரிட்டனின் மக்களவையிலோ, பிரசல்ஸிலிருந்து வரும் சட்ட ஆவணங்களைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவந்த ஐரோப்பிய ஆய்வுக் குழு, 2024 பொதுத் தேர்தலுக்குப் பின் மீண்டும் அமைக்கப்படவே இல்லை.