வைவாவுக்கு வீட்டார் நேரிலா, கூகுள் மீட்டிலா?

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முடிக்கப்போகிறவர்கள், வைவா என்னும் கடைசி வாய்மொழித் தேர்வைப் பார்க்க வீட்டாரை நேரில் அழைப்பதா, கூகுள் மீட்டில் பார்க்கச் சொல்வதா என்று யோசித்தால், என் பதில்: முடிந்தவரை நேரில்.

மீட் இணைப்பு மோசமில்லை. இங்கே காலை 11 மணி என்றால் சிங்கப்பூரில் மதியம் 1.30, சித்தப்பா சாப்பாட்டு இடைவேளையில் பார்த்துவிடலாம், ஸ்லைடும் பளிச்சென்று தெரியும். ஆனால் தேர்வாளர் கேட்கும் கேள்வி பாதி நேரம் மைக்கில் விழாது, நம் முகமும் ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் போய்விடும்.

நேரில் வந்தால் கதையே வேறு. நம் ஆய்வு துருப்பிடித்தலைப் பற்றியது என்றால், அதை நாம் ஆங்கிலத்தில் பேசுவது அப்பத்தாவுக்குப் புரியாதுதான், ஆனாலும் குறுக்குக் கேள்விக்கு நாம் நிதானமாகப் பதில் சொல்வதையும், கடைசியில் தேர்வாளர் எழுந்து பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவிப்பதையும் அவர் கண்ணால் பார்ப்பார், இத்தனை வருஷம் இந்தப் பிள்ளை என்னதான் படித்தது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. பதற்றமா? பின்வரிசையில் உட்கார வையுங்கள், அம்மா முகத்தைப் பார்த்தால் குரல் தழுதழுக்கும். வைவா திறந்த அவையில்தான் நடக்கும், இருந்தாலும் வழிகாட்டியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அப்புறம், அவர் சம்மதித்தால், தொடக்கத்தில் இரண்டு நிமிஷம் தமிழில் பேசுங்கள்.