பிள்ளைகள் கஷ்டத்தில் இருந்தால் யாரிடம் சொல்வது: 1098-ஆ, போலீஸ் ஸ்டேஷனா, சி.டபிள்யூ.சி.யா?

வேலந்தாவளத்தில் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் பாலக்காடு ஜில்லா, அந்தப் பக்கம் கோயம்புத்தூர். எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு ரேஷன் கார்டு ஒரு மாநிலத்தில், பிழைப்பு இன்னொரு மாநிலத்தில். போன மழைக்காலத்தில் ஒரு நாள், எதிர்வீட்டு ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. "அக்கா, தண்ணி." ஆறு வயதுப் பாப்பா. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய நேரம். கதவு வெளியே பூட்டியிருந்தது, உள்ளே தொட்டிலில் தம்பி. புருஷன் விட்டுப்போன அம்மா விடியும் முன்னே வேலைக்குக் கிளம்பியிருந்தாள்.

யாரிடம் சொல்வது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்பதுதான் முதல் யோசனை. பேசினார்கள். அவள் நன்றாகத் திட்டு வாங்கினாள். நாலு நாள் கதவு திறந்திருந்தது, அஞ்சாம் நாள் பூட்டு திரும்ப வந்துவிட்டது. இங்கே அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் பாலியல் கொடுமையை இப்படிப் பேசி முடிப்பது குற்றம். குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை ஜெயில். "குடும்ப மானம்" என்று சொல்லி முடித்து வைக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

அப்படிப்பட்ட கொடுமைக்கு ஸ்டேஷன்தான். குழந்தையை அங்கே இழுத்துப் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கலாம், கூடிய வரை பெண் எஸ்.ஐ., அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல். "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பவும் முடியாது. எந்த ஸ்டேஷனும் ஜீரோ எஃப்.ஐ.ஆர்., அதாவது எல்லை பார்க்காமல் பதியும் புகார், போட வேண்டும். எல்லையில் இருப்பவர்கள் இதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் பூட்டிய வீட்டுக்கு ஸ்டேஷன் எதற்கு? குழந்தையைக் கவனிக்காமல் விட்டால் மூன்று வருஷம் வரை தண்டனை கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அம்மா உள்ளே போனால் அந்த இரண்டுக்கும் சோறு யார் போடுவது?

நான் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு அடித்தேன். 1996-இல் மும்பையில் சைல்டுலைன் என்று தொடங்கிய இது, 2023 முதல் மாநில அரசுகளின் கையில், அவசர எண் 112-உடன் சேர்ந்து ஓடுகிறது. ராத்திரி பகல் எந்நேரமும் இலவசம். ஒரு விஷயம்: இங்கே போன் எந்த மாநில டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எடுத்ததும் ஊர், ஜில்லா, மாநிலம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சோத்துப் போசியைத் திறந்து பார்த்தார்கள், பாப்பாவிடம் கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டார்கள்.

பிறகு விஷயம் சி.டபிள்யூ.சி.க்கு, அதாவது குழந்தைகள் நலக்குழுவுக்குப் போனது. நேராகவும் போகலாம். தலைவரையும் சேர்த்து ஐந்து பேர், மாஜிஸ்ட்ரேட் அதிகாரம். அந்தப் பெயரைக் கேட்டதும் பாப்பாவின் அம்மா ஓடி வந்தாள். "ஏனுங்க்கா, புள்ளைங்கள எடுத்துட்டுப் போயிருவாங்களா?" எல்லோருக்கும் இருக்கிற பயம்தான். ஆனால் சட்டத்தில் ஹோம், அதாவது காப்பகம், என்பது கடைசி வழி. தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஏழைத் தாய்க்கு ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஸ்பான்சர்ஷிப் என்ற அரசு உதவித்தொகை உண்டு. திட்டு வாங்கிக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இந்தக் குழுவைக் கண்ணை மூடி நம்பச் சொல்லவில்லை. வாளையாறு இங்கிருந்து அதிக தூரமில்லை. 2017 ஜனவரியில் 13 வயது அக்கா, மார்ச்சில் 9 வயதுத் தங்கை, ஒரே வீட்டில் பிணமாகக் கிடந்தார்கள். அந்தப் பாலியல் கொடுமை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்கு வக்கீலாக ஆஜரானவரே பாலக்காட்டுக் குழுவின் தலைவராக இருந்தார் என்பது 2019-இல் பெரிய கூச்சலாகி, அவரை நீக்கினார்கள். ஆளைப் பொறுத்துத்தான் எதுவும்.

என்னைக் கேட்டால், உடம்பில் கை வைத்தார்கள் என்று சந்தேகம் வந்தாலே ஸ்டேஷன், கூடவே 1098. பசி, பூட்டு, பள்ளிக்கூடம் போகாதது என்றால் 1098 போதும், மற்றதை அவர்களே நகர்த்துவார்கள்.

பாப்பா இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். தம்பி பகலில் எங்கள் வீட்டில். அந்த 4,000 இன்னும் வரவில்லை. கார்டு தமிழ்நாட்டில் இருப்பதால் ஃபைல் கோயம்புத்தூருக்குப் போயிருக்கிறதாம்.