ஆள் மாறும் அலுவலகத்துக்கு எது? டீம்ஸ், ஸ்லாக், வட்ஸ்அப்

திருகோணமலை நகரில் தலைமை அலுவலகம்; மூதூர், வெருகல், குச்சவெளியில் கள உத்தியோகத்தர்கள். இப்படிச் சிதறிக் கிடக்கும் எங்கள் சிறு தொண்டு நிறுவனத்துக்கு, அலுவலகத் தொடர்புச் செயலியாக மைக்ரோசொப்ட் டீம்ஸைத் தெரிவு செய்தவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்தேதான் இருக்கும்.

செய்தி, கோப்பு, காணொளிக் கூட்டம் எல்லாம் மூன்றிலும் நடக்கும். எங்களுக்கு முக்கியமான கேள்வி வேறு: திட்டம் முடிந்து ஒருவர் விலகினால், அவரோடு எவ்வளவு போய்விடும்?

வட்ஸ்அப்பில் பெரும்பகுதி போய்விடும். கணக்கு அவருடைய சொந்த இலக்கத்தில். பயனாளிகள் பட்டியலும் கிணற்று வேலைப் படங்களும் அவருடைய கைபேசியில். அவர் இடத்துக்கு வருபவரைக் குழுவில் சேர்த்தாலும் போன வருடப் பேச்சு அவருக்குக் கிடைக்காது.

ஸ்லாக்கும் டீம்ஸைப் போன்ற அலுவலகச் செயலிதான்; பழைய செய்திகளைத் தேடுவதில் கெட்டிக்காரன். ஆனால் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தியவை மறைந்துவிடும், ஓராண்டு கடந்தவை அழிக்கப்படும். கட்டணமோ தலைக்கு இவ்வளவு என்று டொலரில். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டொலர் என்றாலே எங்கள் கணக்காளரின் முகம் மாறிவிடுகிறது.

டீம்ஸில் கணக்கு நிறுவனத்துடையது. தகுதியுள்ள இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு டீம்ஸ் அடங்கிய பிசினஸ் பேசிக் திட்டம் 300 பேர் வரை இலவசம். சானலில், அதாவது குழுவினர் எல்லோரும் பார்க்கும் பொது உரையாடலில், இட்ட கோப்பு நிறுவனத்தின் பொதுக் களஞ்சியமான ஷெயார்பொயின்டில் தங்கும். புதியவர் பழைய உரையாடலை ஆரம்பத்திலிருந்தே படிக்கலாம். பொறி ஒன்று உண்டு. தனி அரட்டையில் அனுப்பும் கோப்பு, அனுப்பியவரின் தனிக் களஞ்சியமான வன்டிரைவில்தான் கிடக்கிறது. அவர் கணக்கை நீக்கினால், செட்டிங்ஸில் அந்தக் காலத்தை நீட்டி வைக்காதவரை 30 நாளில் அதுவும் அழிந்துவிடும். நம்மவர்களுக்கோ தனி அரட்டைதான் பிரியம். பணிப்பாளர் பார்க்கும் இடத்தில் எழுதக் கூச்சம். அதனால் கோப்பு என்றால் சானல் என்று விதி வைத்தோம். விலகுபவரின் வன்டிரைவைப் பார்த்து முடிக்காமல் கணக்கை நீக்குவதில்லை.

கூகிளின் அலுவலகச் செயலிகளை, பங்காளி அமைப்பொன்றின் ஆவணங்களில் விருந்தினராகப் புகுந்த அளவே அறிவேன். ஒரே ஆவணத்தில் பலர் எழுத அது இலகுவாகவே இருந்தது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்குப் பழக்கம் போதாது.

பழைய கைபேசிகளில் டீம்ஸ் திணறுகிறது. களத்தில் நிற்பவர் தமிழில் தட்டச்சு செய்வதைவிடக் குரல் பதிவையே விரும்புகிறார். மார்கழி மழையில் வெருகல் பக்கம் பாதை மூடினால் செய்தி முதலில் வட்ஸ்அப்பில்தான் வரும். அதை நாங்கள் தடுப்பதில்லை. அங்கே முடிவானதை மட்டும் அன்றைக்கே சானலில் இரண்டு வரியாக எழுதச் சொல்கிறோம். மூதூரில் எழுதுகிறார்கள். குச்சவெளியில் இன்னமும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.