ஓ பொசிற்றிவ் அட்டையும் இறால் பால்கறியும்

மட்டக்களப்பு டவுனுக்குள் இரத்த வகையைப் பார்த்துச் சாப்பாட்டு முறை எழுதிக் கொடுக்கிற இடம் ஒன்றுக்குப் போய் வந்தேன். பெயரை எழுதவில்லை. இதே சாப்பாட்டு அட்டையை வைத்துக்கொண்டு வேறு இடங்களிலும் இதே வியாபாரம் நடக்கிறது. படிப்பவர்களுக்கு அடையாளம் தெரியும். வங்கியில் 27 வருடம் காசாளராக இருந்தவள் நான், எண்ணிப் பார்க்காமல் யாருக்கும் காசு கொடுத்ததில்லை. அப்படியிருந்தும் முதல் நாளே 5,500 ரூபா கொடுத்துவிட்டு வந்தேன்.

போன காரணம் இதுதான். ஒரு வருடமாகப் பின்னேரமானால் வயிறு ஊதிக்கொள்ளும். சில இரவுகளில் கையிலும் கழுத்திலும் திட்டுத்திட்டாகத் தடித்துக் கடிக்கும். இறாலும் நண்டும் கிரந்தி, அதை விடு என்று அம்மா அந்தக் காலத்திலேயே சொன்னவ. விட்டும் பார்த்தேன், கடி குறைந்தது. ஆனால் ஆரையம்பதியில் இருந்துகொண்டு வாவி இறாலை விடுவது லேசான காரியமா? யாராவது படித்தவர் "சாப்பிடலாம்" என்று சொல்ல மாட்டாரா என்ற ஆசைதான் உண்மையில் என்னை பஸ் ஏற்றியது.

இடம் துப்புரவு. ஏசி போட்டிருந்தார்கள். அரை மணி நேரம் இருந்தேன். தந்த படிவத்தில் பெயர், வயது, நிறை, உயரம், எத்தனை கிலோ குறைய வேண்டும் என்றெல்லாம் இருந்தது. எதைச் சாப்பிட்டால் உடம்பு என்ன செய்கிறது என்று ஒரு கேள்வி கூட இல்லை. அப்போதே எழும்பி வந்திருக்க வேண்டும்.

என் இரத்த வகை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். மூத்தவன் வயிற்றில் இருக்கும்போதே கிளினிக் கார்டில் எழுதித் தந்ததுதான். சொன்னேன். "இல்ல அன்ரி, நாங்களும் பார்க்கணும்" என்று அந்தப் பிள்ளை விரலைப் பிடித்தாள். வெள்ளைத் தட்டில் மூன்று சொட்டு மருந்து: நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று, நிறமில்லாதது ஒன்று. ஒவ்வொன்றிலும் என் இரத்தத்தைத் தொட்டுக் கலக்கினாள். நீலமும் மஞ்சளும் அப்படியே கிடந்தன. மூன்றாவது மட்டும் மணல் மணலாகத் திரைந்தது. ஓ பொசிற்றிவ். இரண்டு நிமிட வேலை, 1,000 ரூபா. மிச்சம் 4,500 ஆலோசனைக்கு.

ஆலோசனை என்றது ஒரு லமினேற் அட்டை. பச்சை நல்லது, மஞ்சள் சாப்பிடலாம், சிவப்பு கூடாது என்று மூன்று நிரல். பச்சையில் முதலாவது மாட்டிறைச்சி; எங்கள் வீட்டுப் படி ஏறாதது. சிவப்பில் பால், தயிர், கோதுமை மா, தேங்காய். தேங்காயைச் சிவப்பில் போட்டவர் மட்டக்களப்பில் ஒரு நாள் சமைத்துப் பார்க்க வேண்டும். சொதியும் இல்லை, சம்பலும் இல்லை என்றால் இடியப்பத்தை எதோடு தின்பது? இறால் மஞ்சளில் இருந்தது. "எனக்கு அது கடிக்கிறது மகள்" என்று தெளிவாகச் சொன்னேன். "ஓ குரூப்புக்கு இறால் பிரச்சினையில்ல அன்ரி, அது கோதுமையால வாற கடி" என்றாள்.

மறுகா 42,000 ரூபாவுக்கு ஒரு அலர்ஜி டெஸ்ட், 9,800க்கு ஒரு மாப் பேணி. இரண்டையும் வாங்கவில்லை என்பதில் இன்றைக்கும் சந்தோசம். லாப்பில் வேலை செய்கிற என் பெறாமகளிடம் பிறகு கேட்டேன். அந்த டெஸ்ட் பார்ப்பது ஐஜிஜி என்ற பிறபொருளெதிரியையாம், வெளியிலிருந்து வருவதற்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற ஒரு புரதமாம். வழக்கமாக எதைச் சாப்பிடுகிறோமோ அதற்கு எல்லோருக்கும் அது இருக்கும், ஒவ்வாமையைக் காட்டாது. கடிக்கும் வீக்கத்துக்கும் காரணம் ஐஜிஈ என்ற வேறொன்று.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: அட்டைப்படி இருந்த பதினெட்டு நாளில் வயிற்று ஊதல் நின்றது, இரண்டு கிலோவும் குறைந்தது. அட்டையின் கெட்டித்தனம் என்றுதான் நானும் நினைத்தேன். பெறாமகள் சிரித்தாள். "பெரியம்மா, நீங்க பால்தேத்தண்ணியும் பாணும் விட்டீங்க. ஏ குரூப்பா இருந்தாலும் குறைஞ்சிருக்கும்." வயது போகப் போகப் பாலில் இருக்கிற லக்ரோஸ் என்ற சர்க்கரை செமிக்காமல் போவது பலருக்கும் உள்ளதாம், அது ஒவ்வாமையே இல்லையாம். இந்த முறையைப் பரப்பியவர் பீட்டர் டி'அடமோ என்ற அமெரிக்க இயற்கை வைத்தியர், 1996இல். 2013இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இதற்கு ஆதாரமாக ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த வருடம் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தார் 1,455 பேரை வைத்துப் பார்த்தார்கள். மரக்கறி கூடின ஏ வகைச் சாப்பாட்டுக்குக் கிட்டச் சாப்பிட்டவர்களுக்கு நிறையும் இரத்த அழுத்தமும் குறைவாக இருந்தன. அவர்களின் இரத்தம் ஏயா ஓவா என்பதில் எந்த வித்தியாசமும் இல்லை.

பத்தொன்பதாம் நாள் இறால் வாங்கினேன். மஞ்சள் நிரல்தானே. தேங்காய்ப்பாலும் ஊற்றினேன், அந்த ஒரு பாவம் மட்டும் என்னுடையது. நாலு வாய் போகவில்லை, உதடு கனத்தது. கண்ணாடியில் பார்த்தால் மேலுதடு வேறு யாருடையதோ போல இருந்தது. தொண்டை இறுக, இவர் ஓட்டோவைக் கூட்டி வந்தார். ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, அன்றிரவு மறித்து வைத்தார்கள்.

டொக்டர் முதலில் கேட்டது என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, முன்பு வந்திருக்கிறதா என்பதைத்தான். இறாலிலும் நண்டிலும் ட்ரொபோமயோசின் என்றொரு புரதம் இருக்கிறது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் கெடாது, அநேகமாக உங்களுக்கு ஆகாதது அதுதான் என்றார். அட்டையைக் காட்டினேன். ஒரு பக்கம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

இரத்த வகைக்கும் ஒவ்வாமைக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாதாம். சில உண்ணி கடித்த பிறகு மாடு, ஆடு, பன்றி இறைச்சிக்கு ஒவ்வாமை வருகிறது. அல்ஃபா-கல் என்ற சர்க்கரைக்கு எதிராக உடம்பு கிளம்புவதால் வருவது அது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் கடி தொடங்கும். பி வகைக்காரரின் சிவப்பணுவில் இருக்கிற சர்க்கரை அல்ஃபா-கல்லைப் போன்ற உருவம் என்பதால், பி, ஏபி காரருக்கு இந்தத் தொல்லை குறைவாகக் காணப்படுகிறது. அந்தப் பாதுகாப்பு இல்லாதவர்கள் ஏயும் ஓவும்தான். அட்டையோ ஓ காரியான எனக்கு மாட்டிறைச்சியை முதலாவதாகப் போட்டிருக்கிறது!

காசைத் திருப்பிக் கேட்டுப் போன் எடுத்தேன். அட்டை பிழையில்லையாம். நான் "நொன்-செக்ரிற்றர்" ஆக, அதாவது எச்சிலில் இரத்த வகையின் அடையாளம் வராத ஆளாக இருக்கலாமாம், அதற்கு எச்சிலில் ஒரு டெஸ்ட் இருக்கிறதாம், 6,000 ரூபாவாம். போனை வைத்துவிட்டேன்.

ஐந்துக்கு ஒன்று போடுகிறேன். அதுவும் விரலில் குத்திய அந்தப் பிள்ளைக்கு, வலிக்கவே இல்லை.