கேமரன் மலை: தங்குவது தானா ராத்தாவில், ஏறுவது சிம்பாங் பூலாய் வழியாக

நீண்ட வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் கேமரன் மலைக்குப் போய்வந்தவர்கள் பலரும் "ஒரே ஜாம்" என்றுதான் அலுத்துக்கொள்கிறார்கள். அலுப்பு நியாயமானது. ஆனால் குறை மலையிடம் இல்லை, கிளம்பிய நாளிடமும் அறை எடுத்த ஊரிடமும்தான். ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா பார்ம், கம்போங் ராஜா எல்லாம் ஒரே சாலையில் அடுத்தடுத்து வருகின்றன. விடுமுறை நாளில் கியா பார்ம் சந்தை ஓரம் கார்கள் நின்றுவிட்டால், பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

அதனால் தானா ராத்தாவிலேயே அறை எடுங்கள். சுமார் 1,440 மீட்டர் உயரம். பேருந்து நிலையம், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள், காலையில் சூடான தோசை, மருந்துக்கடை, காட்டுப் பாதைகளின் தொடக்கம் எல்லாம் நடை தூரத்தில் இருக்கின்றன. பிரிஞ்சாங்கில் ஹோட்டல்கள் அதிகம். ஸ்டீம்போட்டுக்கும் (மேசையிலேயே கொதிக்கும் சூப்பில் வேகவைத்துச் சாப்பிடுவது) பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்கும் அதுவே கிட்டம். அதற்காக அங்கே தங்கினால் சனிக்கிழமை வெளியே எடுத்த காரை அறைக்குத் திருப்பிக் கொண்டுவருவதே பெரும்பாடு. ரிங்லெட் தங்குவதற்கான ஊரே அல்ல.

சொந்தக் காரில் போகிறவர்கள் விஇபி என்ற, வெளிநாட்டு வண்டிகளுக்கான மலேசிய நுழைவு அனுமதியை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். உட்லண்ட்ஸோ துவாஸோ, சிங்கப்பூர் காரில் முக்கால் டாங்கி எண்ணெய் இல்லாமல் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. அந்தப் பக்கம் போனதும் ரான் 97 பெட்ரோல் மட்டும் போடுங்கள். ரான் 95 வெளிநாட்டு வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மலையேற இரண்டு வழி: தாப்பா வழி தூரத்தில் குறைவு, ஆனால் குறுகிய பழைய சாலை, வளைவுக்கு மேல் வளைவு, எதிரே காய்கறி லாரி. சிம்பாங் பூலாய் வழி சற்றுச் சுற்று, ஆனாலும் சாலை அகலம், வளைவுகள் மென்மை. பிள்ளைகளும் வயதானவர்களும் உடன் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சிம்பாங் பூலாய்தான். இறங்கும்போது ஆட்டோ கியர் காரை 'டி'யிலேயே விட்டு பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள். பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும். கருகல் வாடை வந்தால் அதுவே எச்சரிக்கை. 'எல்'லுக்கோ மேனுவலுக்கோ மாற்றி, எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தட்டும்.

கோச்சில் போனால் பத்து மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் இறங்கும்போது வண்டி எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது; ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கும் கோச்சுகளில் நம்முடையதைத் தேடுவதற்குள் அது கிளம்பிவிடலாம். இரவு கோச் விடிகாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். அறையோ பிற்பகலில்தான் கிடைக்கும், பையை மட்டும் ஹோட்டலில் வைக்க முன்பே கேட்டுவையுங்கள். மலை வளைவுகள் வருவது பயணத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில்தான். வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கை கேட்டு வாங்கி, மலையடிவாரத்துக்கு அரை மணி முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் குறைவு.

பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று என்றால் சுங்கை பாலாஸ். 1929ல் தொடங்கிய போ (BOH) நிறுவனத்தின் தேயிலைத் தோட்டம். திங்கட்கிழமை வருகையாளர் மையம் மூடியிருப்பது வழக்கம். ஞாயிறு வந்து செவ்வாய் திரும்புகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். காலையில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். சரிவுக்கு வெளியே நீட்டிக் கட்டிய மேடையில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் சீராக வெட்டிய பச்சை. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் புதர்மேல் ஓட்டும் கொய்யும் இயந்திரம், பின்னால் காற்றில் உப்பும் பை, அதற்குள் விழும் கொழுந்து, எல்லாம் அங்கிருந்தே தெரியும். ஆலைக்குள் இலையை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, சலிக்கும் வரிசையைப் பாருங்கள். கடையில் வாங்கும்போது பால் தேநீருக்கு டஸ்ட் என்ற பொடித்தூள், பாலில்லாமல் குடிக்க இலைத்தூள். டஸ்ட் சீக்கிரம் சாயம் இறங்கிக் கெட்டியாக வரும். தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர் பழகிய நாக்குக்கு அதுதான் சரி. இந்தச் சரிவுகளைக் காடழித்துத் தோட்டமாக்கியதில் தமிழர் உழைப்பு பெரிது. இன்று கொய்பவர்களில் பலர் வங்காளதேசத்தார், நேப்பாளத்தார்.

கூனோங் பிரிஞ்சாங் சிகரத்தின் பக்கத்துப் பாசிக்காடு அருமையான இடம். மேகம் தொட்டுக்கொண்டே இருப்பதால் மரத்தின் அடி முதல் நுனி வரை பாசி, நடுநடுவே பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகள். ஆனால் திறப்பதும் மூடுவதும் மாறிக்கொண்டே இருக்கும், மேலே போகும் சாலையும் மோசம். தானா ராத்தாவில் விசாரித்து, திறந்திருந்தால் நான்கு சக்கர இயக்க வண்டிக்காரரிடம் காலை நேரத்துக்குப் பேசுங்கள். பிற்பகலில் மழை பிடித்தால் பனிமூட்டத்தைத் தவிர எதுவும் தெரியாது, பலகைப் பாதையும் வழுக்கும்.

ஸ்ட்ராபெரி பண்ணைகளுக்கு அரை மணி நேரம் போதும். ஒன்று பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரிதான். மனம் கசக்கும் காட்சியும் உண்டு. சரிவு சரிவாக மூடிக்கிடக்கும், காய்கறி விளைவிக்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள். காடு போன இடத்து மண் மழையில் கரைந்து ஆற்றோடு இறங்கி, ரிங்லெட் ஏரியைப் பழுப்பாக்கி மேடாக்கிவிட்டது. இதை மறைத்து இது தூய இயற்கை என்று விற்கும் விளம்பரங்களை நம்பாதீர்கள்.

நவம்பர், டிசம்பர் அடைமழைக்காலம். மண்சரிவில் சாலை மூடப்படுவதும் உண்டு. பிப்ரவரி, மார்ச் மழை குறைவு. செவ்வாய் ஏறி வியாழன் இறங்குங்கள், இரண்டு இரவு போதும். இரவில் 15 டிகிரி அளவுக்குக் குளிரும், பல அறைகளில் ஹீட்டர் கிடையாது. கம்பளிச் சட்டை கட்டாயம். திரும்பும்போது கியா பார்மில் காய்கறி வாங்கலாம், அழகாக இருக்கிறதென்று கள்ளிச்செடித் தொட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கள்ளி வகைகளில் பெரும்பாலானவை சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பவை. சிங்கப்பூர் தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகளைப் பார்க்காமல் கொண்டுவந்தால் சோதனைச்சாவடியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.